ஏழு ரெக்கார்டு நோட்டும் மூன்று அரியரும்

பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் 200-க்கு 188 எடுத்தேன். அதே வருடம் பொறியியல் முதல் செமஸ்டரில் எம்-ஒன் என்கிற கணக்குப் பாடம் ஃபெயில். கூடவே இஞ்சினியரிங் கிராபிக்ஸும் இயற்பியலும். ஆக மூன்று அரியர்.

ஊரில் ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். ஹாஸ்டல் போனதும் பையன் ஆட்டம் போட்டுவிட்டான் என்றார் சித்தப்பா. தமிழ் மீடியம் பையனுக்கு இங்கிலீஷ் எட்டவில்லை என்றார் பள்ளிக்கூட வாத்தியார். செல்போன் வாங்கிக் கொடுத்ததுதான் தப்பு என்று அம்மா தன்னையே திட்டிக்கொண்டார். அந்த செமஸ்டரில் பெரும்பாலான ராத்திரிகள் நான் மூன்று, மூன்றரை மணி நேரம்தான் தூங்கினேன் என்பதோ, இரண்டாம் ஆண்டு சீனியர்களுக்காக ஏழு லேப் ரெக்கார்டு நோட்டு எழுதினேன் என்பதோ அவர்கள் யாருக்கும் தெரியாது. வீட்டில் இதைச் சொல்ல எனக்கு ஆறு வருடம் ஆனது.

2010-இல் கவுன்சிலிங்கில் மெக்கானிக்கல் கிடைத்தது. எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். அரியலூர் பக்கம் ஒரு கிராமம், கடலை போடும் நிலம் ஒன்றரை ஏக்கர். கல்லூரியில் சேர்க்க வந்த அன்று அப்பா கேட்ட ஒரே கேள்வி, "சார், இங்க அந்த நாவரசு கேஸு மாதிரி எதுவும் இல்லையே?" 1996 நவம்பரில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணவர் நாவரசு, சீனியர் மாணவர் ஒருவரால் கொல்லப்பட்டதை அப்பா அந்த நாளில் டீக்கடைப் பேப்பரில் தினமும் படித்திருக்கிறார். துணைவேந்தர் மகனுக்கே அந்தக் கதி என்பது அவர் மனதில் அப்படியே தங்கிவிட்டது. அலுவலகத்தில் இருந்தவர் சிரித்துவிட்டு, "அதுக்குத்தாங்க இது" என்று ஒரு உறுதிமொழிப் பத்திரத்தை நீட்டினார். ராகிங் செய்ய மாட்டேன் என்று நான் ஒன்றில், என் மகன் செய்ய மாட்டான் என்று அப்பா ஒன்றில் கையெழுத்துப் போட்டோம். ஆங்கிலத்தில் இருந்ததால் இரண்டு பேருமே படிக்கவில்லை.

முதலாண்டுக்குத் தனி விடுதி என்பது விதி. எங்களுக்கும் தனி பிளாக்தான். ஆனால் அந்த வருடம் இடம் போதவில்லை என்று மேல்மாடியை இரண்டாம் ஆண்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். விதி உடைந்தது அந்த ஒரு மாடிப்படியில்தான். ராத்திரி பத்தரைக்கு வார்டன் அட்டெண்டன்ஸ் எடுத்துவிட்டுப் போவார். பத்தே முக்காலுக்கு மேலிருந்து ஒருவர் இறங்கி வந்து கதவைத் தட்டுவார். "மேல வா."

மேலே போனால் சட்டையின் மூன்றாவது பட்டனைப் பார்த்தபடி நிற்க வேண்டும். நிமிர்ந்தால் கன்னத்தில் அறை விழும். எல்லோரையும் சார் என்றுதான் கூப்பிட வேண்டும். முதல் நாள் கேள்வி, "எந்த ஊர்?"

"அரியலூர், சார்."

"அரியர்-லூரா?"

அன்றிலிருந்து அதுதான் என் பெயர். அடுத்த கேள்வி ஊரில் எந்தத் தெரு என்பது. ஏன் கேட்கிறார்கள் என்பது ஊர்நாட்டில் பிறந்த எவனுக்கும் தெரியும். மூன்றாவது நாள் மெஸ்ஸில் ஸ்டூல் மேல் ஏற்றி, "உன்னைப் பத்தி இங்கிலீஷ்ல அஞ்சு நிமிஷம் பேசு" என்றார்கள். "மை ஃபாதர் இஸ் எ ஃபார்மர்" என்றேன். அடுத்த வாக்கியம் வரவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த இருநூறு பேரில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பாதி தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டது. இன்று யோசித்தால் அந்தக் குனிந்த தலைகள்தான் அதிகம் உறுத்துகின்றன.

அடித்தார்களா என்று கேட்பவர்களுக்கு: அடித்தார்கள், ஆனால் அடி கொஞ்சம்தான். பெரிதாக வாங்கியது வேலை. எங்களுக்கு வாய்த்த சீனியர் ஒருவர் இருந்தார், நாங்கள் அவருக்கு வைத்த பெயர் ரெக்கார்டுக்காரர். என் கையெழுத்து கொஞ்சம் நன்றாக இருக்கும், அதுவே வினையாகிவிட்டது. அவருடைய ரெக்கார்டில் முதல் மூன்று பரிசோதனைகளை அவரே எழுதியிருந்தார், வலப்பக்கம் சாய்ந்த எழுத்து. மீதியை நான் எழுத வேண்டும். கையெழுத்து மாறினால் லேப் ஸ்டாஃப் கண்டுபிடித்துவிடுவார் என்பதால், முதலில் இரண்டு நாள் அவர் சாய்வைப் பழக வைத்தார். ஒரு ரஃப் நோட்டு முழுக்க "ராக்வெல் ஹார்ட்னஸ் டெஸ்ட்" என்று சாய்த்துச் சாய்த்து எழுதினேன், நாலாம் வகுப்பில் காப்பி நோட்டு எழுதுகிற மாதிரி. அவர் திருப்திப்பட்டதும் நோட்டைக் கொடுத்தார். அதை முடித்ததும் அவருடைய நண்பர்களின் நோட்டுகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு கையெழுத்து.

(ஒரு வருடம் கழித்து அந்த லேபுக்குள் நான் நுழைந்தபோது, வகுப்பிலேயே எனக்கு மட்டும்தான் செய்முறை மனப்பாடம். இதைக் கேட்டுவிட்டு ‘பாத்தியா, ராகிங்கிலும் நன்மை இருக்கு’ என்று சொன்ன ஒரு நண்பரோடு நான் இப்போது பேசுவதில்லை.)

ராத்திரி இரண்டு மணி, மூன்று மணி. காலையில் 8.45-க்கு முதல் பீரியட், வாரத்தில் நான்கு நாள் அது எம்-ஒன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. கேய்லி ஹாமில்டன் தேற்றம் நடத்திய நாளில், "ஒவ்வொரு சதுர அணியும் தன்" என்பது வரை எழுதியிருக்கிறேன். வாத்தியார் ஆங்கிலத்தில் சொல்வதைத் தமிழாக்கி எழுதிக்கொள்ளும் பழக்கம் அப்போது இருந்தது. "தன்" என்ற சொல்லிலிருந்து பேனா கோடு ஒன்று பக்கத்தின் அடி வரை வழுக்கிக்கொண்டு போகிறது. அங்கேயே தூங்கியிருக்கிறேன்.

இப்போது நானே கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். பகலில் கேட்டதை மூளை பதிய வைத்துக்கொள்வதில் பெரும்பங்கு தூக்கத்துக்கு உண்டு. தூக்கத்தைப் பிடுங்கிக்கொண்டால், வகுப்பில் கண் விழித்து உட்கார்ந்திருந்தாலும் வேலைக்கு ஆகாது. எனக்கு அட்டெண்டன்ஸ் 88 சதவீதம். அதைக் காட்டித்தான் எல்லோரும் கேட்டார்கள், ஒழுங்காகத்தானே வந்திருக்கிறாய், பிறகு ஏன் ஃபெயில்? உடம்பு வந்திருந்தது, அவ்வளவுதான். விடுதியில் இருந்தால் மேலே இருப்பவர்கள் கண்ணில் பட வேண்டும், அதனால் வகுப்பில் இருந்தேன். அடி வாங்கும் பையன் கட் அடிப்பான் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சிலர் வகுப்பில்தான் வந்து ஒளிகிறார்கள்.

கேள்வி கேட்கும் பழக்கம் மெஸ் ஸ்டூலோடு போனது. வாய் திறந்தால் இங்கிலீஷ், இங்கிலீஷ் என்றால் சிரிப்பு. இயற்பியல் வைவாவில் லேசர் என்றால் என்ன என்று கேட்டார்கள். பதில் தொண்டை வரை வந்துவிட்டது. எதிரே உட்கார்ந்திருந்தவர் நல்ல மனிதர், சிரிக்கக்கூட இல்லை. ஆனாலும் எனக்கு அந்த ஸ்டூல்தான் தெரிந்தது. பயம் பிடிக்கும்போது உடம்பில் கார்ட்டிசால் ஏறும், ஏறினால் தெரிந்ததுகூட நினைவிலிருந்து வெளியே வராமல் போகலாம். பின்னாளில் இதைப் படித்தபோது கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. நான் மக்கு இல்லை என்று ஒரு சான்றிதழ் கிடைத்த மாதிரி.

கிராபிக்ஸ் வேறு விதம். படம் வரைய வைத்திருந்த மினி டிராஃப்டர் கருவியை இரவல் வாங்கிப்போன சீனியர் திருப்பித் தரவே இல்லை. நானூறு ரூபாயோ என்னவோ. வீட்டில் இன்னொன்று கேட்கப் பயந்துகொண்டு பாதி செமஸ்டரை ஸ்கேலும் செட்ஸ்கொயருமாக ஓட்டினேன். ஷீட்டுகள் பாதியில் நின்றன, இன்டர்னல் மார்க் போனது.

ரிசல்ட் பிப்ரவரியில் வந்தது. எம்-ஒன் நடத்திய மேடம் என்னை ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டார். கையில் என்னுடைய மூன்று இன்டர்னல் டெஸ்ட் பேப்பர்கள். திட்டு வாங்கத் தயாராகப் போனேன். அவர் மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்தார். முதல் டெஸ்டில் நேரான எழுத்து. இரண்டாவதில் நாலாம் பக்கத்திலிருந்து சாய்வு. மூன்றாவதில் ஒரே பக்கத்தில் மூன்று விதமான எழுத்து.

"ஏம்பா, ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குற?"

ஏன் ஃபெயிலானாய் என்று அவர் கேட்டிருந்தால் ‘சரியா படிக்கலை மேடம்’ என்று சொல்லியிருப்பேன், அந்த பதில் தயாராக இருந்தது. இந்தக் கேள்விக்குத் தயார் செய்து வைக்கவில்லை. அழுதுவிட்டேன்.

மேடம் நல்லது செய்தார். மூன்றே நாளில் என்னை வேறு பிளாக்குக்கு மாற்றினார், அங்கே மாடி கிடையாது. ரெக்கார்டுக்காரரை யாரோ கூப்பிட்டுக் கண்டித்தார்களாம். எழுத்தில் எதுவும் இல்லை. "எழுதிக் குடுத்தா உனக்குத்தான்பா சிக்கல், நாலு வருஷம் இங்கதான இருக்கணும்" என்று மேடமே சொன்னார், அக்கறையோடுதான். நானும் தலையாட்டினேன். நான் தப்பித்தேன். நோட்டுகள் என் கட்டிலுக்கு மேல் கட்டிலில் படுத்திருந்தவனிடம் போயின. அவன் ஏப்ரலில் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போனான், செமஸ்டர் எழுதவில்லை, திரும்பி வரவுமில்லை. கல்லூரிக் கணக்கில் அவன் ‘சொந்தக் காரணங்களால்’ டி.சி. வாங்கிக்கொண்டவன். இந்த இடத்தில் என்னைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது.

அரியர்களை இரண்டாம் ஆண்டில் முடித்தேன், எம்-ஒன் மட்டும் மூன்றாவது முயற்சியில், 54 மார்க். அதோடு முடியவில்லை. நான்காம் ஆண்டில் கேம்பஸுக்கு வந்த கம்பெனி ஒன்றின் நிபந்தனை: நிலுவை அரியர் மட்டுமல்ல, ஒருமுறைகூட அரியர் வைத்த வரலாறே இருக்கக் கூடாது. என் சி.ஜி.பி.ஏ. அப்போது தகுதிக்கு மேலேயே இருந்தது. ஆடிட்டோரியத்துக்கு வெளியே நின்றவர்களில் நானும் ஒருவன். ரெக்கார்டுக்காரருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அவரும் பதினோரு அரியரோடு வெளியே போனார். அவருடைய முதலாண்டிலும் யாரோ அவரை நோட்டு எழுத வைத்திருந்தார்களாம். அதற்காக எனக்குப் பரிதாபம் வரவில்லை, தகவலாகச் சொல்கிறேன்.

எம்.இ. முடித்து வேலைக்குச் சேர்ந்த பிறகுதான், அன்று படிக்காமல் கையெழுத்துப் போட்ட பத்திரத்தின் பின்னால் இருந்த விதிகளை உட்கார்ந்து படித்தேன். நாவரசு கொலைக்குப் பிறகு தமிழ்நாடு 1996 டிசம்பரிலேயே அவசரச் சட்டம் கொண்டுவந்து, 1997-இல் அதைச் சட்டமாக்கியது. இரண்டு ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், கல்லூரியிலிருந்து நீக்கம். புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காத நிர்வாகத் தலைவர் உடந்தையாகக் கருதப்படுவார் என்றும் அதில் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் விதிகள் 2009-இல் வந்தவை. அந்த ஆண்டு மார்ச்சில் இமாசலப் பிரதேசத்தில் அமன் கச்ரூ என்ற மருத்துவ மாணவர் சீனியர்கள் அடித்ததில் இறந்துபோனார்.

அந்த விதிகளில் ராகிங் எது என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் ஒரு வரியைப் படித்தபோது நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ கொடுக்கப்பட்ட படிப்பு வேலையை ஜூனியரைக் கொண்டு செய்துமுடிப்பதும் ராகிங். ரெக்கார்டு எழுத வைப்பது அப்பட்டமாக அதற்குள் வருகிறது. இன்னொரு மாணவரின் வழக்கமான படிப்பைக் குலைக்கும் எந்தச் செயலும் ராகிங். கட்டாயப்படுத்திச் செலவு செய்ய வைப்பதும் அதேதான். 2016-இல் சேர்த்த திருத்தத்தில் சாதி, மதம், நிறம், பாலினம், தோற்றம், ஊர், மொழி, பொருளாதார நிலை ஆகியவற்றை வைத்துத் துன்புறுத்துவதும் ஒதுக்குவதும் வருகின்றன. ‘எந்தத் தெரு’வும் மெஸ் ஸ்டூலும் அதில் அடக்கம். ‘நாங்க கை வைக்கலையே சார், சும்மா இன்டராக்ஷன்’ என்று இப்போது என்னிடம் சொல்லும் பையன்களுக்கு இந்தப் பக்கத்தைத்தான் எடுத்துக் காட்டுகிறேன்.

இனி, இதைப் படிக்கும் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு, தம்பியாக நினைத்து நாலு விஷயம்.

நடந்ததை அன்றைக்கே எழுதி வை. தேதி, மணி, ரூம் எண், யார் இருந்தார்கள், என்ன சொன்னார்கள், அவ்வளவு போதும். போனில் எழுதி அதை வீட்டிலோ வெளியிலோ நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பிவிடு, போனைப் பிடுங்கினாலும் அது இருக்கும். வாட்ஸ்அப் குரூப்பில் அசிங்கப்படுத்தினால் கோபத்தில் உடனே வெளியேறிவிடாதே. எண்ணும் தேதியும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, சாட்டை எக்ஸ்போர்ட் செய்துவிட்டு வெளியேறு. அடிபட்டால் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய், எப்படிப் பட்டது என்று உண்மையைச் சொல். ஏ.ஆர். போடுவார்கள், அதாவது விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். மெடிக்கல் ஷாப் பிளாஸ்டரோடு முடித்துக்கொண்டால் பின்னால் கையில் ஒன்றுமே இருக்காது.

புகாரை எழுத்தில் கொடு, ஒரு நகல் உன்னிடம் இருக்கட்டும். வாயால் சொன்ன புகார் ‘கூப்பிட்டுக் கண்டித்தோம்’ என்பதோடு நின்றுவிடும், அடுத்த கட்டிலுக்குப் போய்விடும். குற்ற வழக்குக்கு இடமிருந்தால் தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் கல்லூரித் தலைவர் காவல் நிலையத்தில் புகார் கொடுக்க வேண்டும் என்பது விதி. அந்தக் கடிகாரம் ஓட வேண்டுமானால் தகவல் போன நேரம் எங்காவது பதிவாகியிருக்க வேண்டும். கல்லூரிக்குள் சொல்லப் பயமாக இருந்தால் 1800-180-5522, யு.ஜி.சி. ராகிங் எதிர்ப்பு உதவி எண், 24 மணி நேரமும் உண்டு. எங்கள் விடுதி நோட்டீஸ் போர்டிலும் இந்த எண் இருந்தது. அதன் மேல் மெஸ் மெனுவை ஒட்டியிருந்தார்கள்.

படிப்பைக் காப்பாற்றுவது தனி வேலை. புகார் கொடுத்தால் மார்க் தானாக வந்துவிடாது. விட்டுப்போன இன்டர்னல் டெஸ்டுக்கு மறுதேர்வு கேட்டுத் துறைத் தலைவருக்கு அப்போதே கடிதம் கொடு, செமஸ்டர் முடிந்த பிறகு கேட்டால் நடக்காது. அட்டெண்டன்ஸ் 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கும் முன்பே வகுப்பு ஆலோசகரிடம் பேசு, மருத்துவக் காரணம் இருந்தால் சான்றிதழோடு பேசு. எவ்வளவு மோசமாகத் தயாராகியிருந்தாலும் பரீட்சை எழுதாமல் ஊருக்குப் போய்விடாதே. எழுதி ஃபெயிலான பேப்பரை மீட்கலாம். ஒரு பேப்பரும் எழுதாமல் ஊருக்குப் போனவனைத் திரும்பக் கொண்டுவருவது பெரும்பாடு.

பெற்றோருக்கு ஒன்றே ஒன்று. ‘சாப்பிட்டியா’ என்று கேட்டால் ‘சாப்பிட்டேன்’ என்றுதான் பதில் வரும், அப்பாவிடமும் நான் அதைத்தான் சொன்னேன். நேற்று எத்தனை மணிக்குப் படுத்தாய், ரூமில் யார் யார், டிராஃப்டர் எங்கே என்று கேளுங்கள்.

என் போன்ற வாத்தியார்களிடம்தான் எனக்கு அதிகம் பேச இருக்கிறது. நம் கையில் அட்டெண்டன்ஸ் பதிவேடு இருக்கிறது. அதில் மொத்த சதவீதத்தை மட்டும் பார்ப்போம், தகுதியா இல்லையா என்று. எந்த மணி நேரம் விடுபட்டிருக்கிறது என்று பார்க்க மாட்டோம். மூன்று வருடம் முன்பு என் வகுப்பில் ஒரு மாணவி, நன்றாகப் படிப்பவர், இரண்டாவது டெஸ்டில் சரிந்தார். சதவீதம் 81, பிரச்சினை இல்லை. பீரியட் வாரியாகப் பார்த்தால், விடுப்பு எல்லாமே புதன், வெள்ளி மதியம். இரண்டும் லேப். தியரி வகுப்பில் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம், லேபில் பதிவு எண் வரிசைப்படி பேட்ச். அவர் பேட்சில் இருந்த இரண்டு பேர் அவர் புகைப்படத்தைக் கேலிச் சித்திரமாக மாற்றி குரூப்பில் சுற்றவிட்டிருந்தார்கள். லேபுக்குப் போனால் மூன்று மணி நேரம் அவர்களோடு ஒரே மேசை.

அன்று மதியமே அந்த இரண்டு பேரையும் வேறு பேட்சுக்கு மாற்றினேன். விசாரணைக்கு முன்பே மாற்றுவதா என்று துறையில் சண்டை. வழக்கமாக நாம் மாற்றுவது பாதிக்கப்பட்டவரைத்தான், என்னை மாற்றிய மாதிரி. அதனால் தப்பு செய்தவனுக்கு இடம் அப்படியே இருக்கும், அடுத்த ஆள் கிடைப்பான். விசாரணை கமிட்டி கூடுவதற்கு இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரமும் மாணவி லேபுக்கு வந்தார்.

முதலாண்டின் முதல் மூன்று மாதமும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பெயர் போடாத கருத்துக்கேட்பு நடத்த வேண்டும் என்பதும் அதே 2009 விதிகளில் இருக்கிறது. எங்கள் துறையில் இப்போது நடத்துகிறோம். ராகிங் நடக்கிறதா என்று நான் கேட்பதில்லை, அதற்கு எல்லோரும் இல்லை என்று எழுதுவார்கள். நேற்று எத்தனை மணிக்குத் தூங்கினாய் என்பதுதான் முதல் கேள்வி. மேடத்திடமிருந்து திருடியது.

போன மாதம் இரண்டாம் ஆண்டு ரெக்கார்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு நோட்டில் ஐந்தாவது பரிசோதனையிலிருந்து எழுத்து நிமிர்ந்து நின்றது, அதுவரை சாய்வு. சாய்வைப் பார்த்துப் பழகிய கண், தாண்ட முடியவில்லை. நோட்டுக்காரனைக் கூப்பிட்டு, என் எதிரே இரண்டு வரி எழுதச் சொன்னேன். எழுதினான். பேனாவை மூடிவிட்டு, "ஃப்ரெண்டுதான் சார் எழுதிக் குடுத்தான்" என்றான். எந்த இயர் ஃப்ரெண்டு என்றேன். பதில் இல்லை.

இந்த முறை எழுத்தில் இருக்கிறது, நேரத்தோடு. கமிட்டி இருமுறை கூடிவிட்டது, இன்னும் முடிவாகவில்லை. எழுதிக் கொடுத்த முதலாண்டுப் பையன் பெரம்பலூர் பக்கம். கணக்கில் அவன் விட்ட இன்டர்னலுக்கு மறுதேர்வு வாங்கியிருக்கிறேன், வருகிற செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு.